துடைப்பம் பிடித்த மானேஜர்கள்!

ஹோட்டலில் தரையில் விரித்திருக்கும் கம்பளத்துக்கு ஷாம்பூ போட்டு அலசுகிற ஆசாமியை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள்? ‘கிளீனர்’ என்பீர்கள். கொஞ்சம் இளகிய மனசு என்றால் ‘தம்பி, இங்கே வாப்பா’ என்பீர்கள். அமெரிக்காவில் அந்த வேலைக்கு ஆள் தேடியபோது விளம்பரத்தில் போட்டிருந்த பெயர், ‘கார்ப்பெட் ஷாம்பூ மானேஜர்’!

சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர்? ‘ஃபுட் கார்ட் மானேஜர்’. முன்வாசலில் உட்கார்ந்து ‘வாங்க, யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்கிற ரிசப்ஷனிஸ்ட்? அவர்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ‘டைரக்டர் ஆஃப் ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’. அதாவது, முதல் பார்வைக்கு ஒரு டைரக்டர்!

ஜோக் இல்லை ஸார். ஹார்வர்டு பேராசிரியர் லாரன் கோஹனும் டெக்ஸாஸைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்களும் 2010 முதல் 2018 வரை வந்த வேலை விளம்பரங்களைச் சல்லடை போட்டுச் சலித்து, 2023-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அதில் வந்த பெயர்கள்தான் இவை. வாரச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுகிற அந்த இடத்தில் மட்டும் மானேஜர் பட்டங்கள் திடீரென்று 485 சதவிகிதம் எகிறுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். கோட்டுக்குக் கீழே கிளார்க்குகள். கோட்டைத் தாண்டி ஒரே ஒரு டாலர் போனால் ஊரெல்லாம் மானேஜர்கள்.

அது என்ன மாயக் கோடு? அங்கே ஏன் இத்தனை பட்டாபிஷேகம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் ஒரு கோர்ட் கேஸும் வருகிறது. ஒன்பது வருஷக் கேஸ். மூன்றரைக் கோடி டாலர் கேஸ்.

ஒண்ணரைப் பங்கு சமாசாரம்

அமெரிக்காவில் 1938-ம் வருஷம் ஜூன் 25-ம் தேதி ஜனாதிபதி ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெயர், நியாயமான உழைப்புத் தர நிலைச் சட்டம். அதற்காகப் பல வருஷம் மல்லுக்கு நின்றவர் தொழிலாளர் துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார். அமெரிக்க மந்திரிசபையில் உட்கார்ந்த முதல் பெண்.

சட்டம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறைந்து யாருக்கும் சம்பளம் தரக்கூடாது. (2009 முதல் அது ஏழே கால் டாலர்.) இரண்டாவது, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் ஒண்ணரைப் பங்கு சம்பளம் கொடு. முதல் வருஷம் 44 மணி, அப்புறம் 42, மூன்றாவது வருஷத்திலிருந்து 40. அந்த 40 இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை கவனியுங்கள். பெரியவர்களை வாரத்துக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டம் தடுக்கவே இல்லை. தொண்ணூறு மணி நேரம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள், ஆனால் துட்டை எடுத்து வை என்கிறது. அது 1930-களின் பஞ்ச காலம். வேலையில்லாமல் லட்சக்கணக்கான பேர் தெருவில் நின்றார்கள். ஒருத்தனையே அறுபது மணி நேரம் கசக்குவதற்கு அதிகச் செலவு ஆகும் என்றால், முதலாளி ‘சரி, இன்னொருத்தனையும் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று யோசிப்பான் இல்லையா? ஓவர்டைம் என்பது உழைத்தவனுக்குப் போனஸ் மட்டுமில்லை. முதலாளிக்கு ஒரு சின்ன அபராதமும்கூட.

கடைச் சிப்பந்திகளில் பெரும்பாலோரை முதலில் இந்தச் சட்டம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. 1961-ல் கென்னடி காலத்தில்தான் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் செய்கிற சில்லறைக் கடை நிறுவனங்களின் ஊழியர்களுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவில் ஒரு ஓட்டை ஏற்கெனவே இருந்தது. அந்த ஓட்டையின் பெயர்தான் மானேஜர்.

நிஜமாகவே நிர்வாகம் பார்க்கிற அதிகாரிக்கு ஓவர்டைம் கிடையாது என்று 1938-லேயே எழுதிவைத்திருந்தார்கள். நியாயம்தான். பத்து பேரை வைத்து வேலை வாங்குகிறவர், இஷ்டப்பட்ட நேரத்தில் வந்து போகிறவர், மணிக்கணக்குப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் வெறுமனே ‘அதிகாரி’ என்று சொன்னால் போதாது. மாதம் வேறு, வாரம் வேறு என்று வெட்டாமல் நிலையான சம்பளம் வேண்டும். அது குறிப்பிட்ட தொகைக்குக் குறையக்கூடாது. குறைந்தது இரண்டு பேரை மேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான வேலையே நிர்வாகமாக இருக்க வேண்டும். 

அந்தச் சம்பளத் தொகைதான் மாயக் கோடு. 2004 ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு 455 டாலர். 2020 ஜனவரியிலிருந்து 684. 2024-ல் அதை 844 ஆக்கினார்கள். நான்கே மாதம்தான். நவம்பரில் டெக்ஸாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி ‘செல்லாது’ என்று அடித்துவிட்டார். கோடு மறுபடி 684-க்கே இறங்கிவிட்டது.

ஒரு டாலர் கடை

இப்போது கேஸுக்கு வருவோம்.

ஃபேமிலி டாலர் என்று ஒரு கடைச் சங்கிலி. 1959-ல் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரத்தில் லியான் லெவின் என்பவர் ஆரம்பித்தது. சோப்பு, சீப்பு, பிளாஸ்டிக் வாளி, பனியன், பிஸ்கட் என்று ஏழைபாழைகள் வாங்குகிற எல்லாச் சாமானும் மலிவு விலையில் கிடைக்கும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிளைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஸ்டோர் மானேஜர். அவருக்கு நிலையான வாரச் சம்பளம். நாற்பது மணி உழைத்தாலும் அதே, எழுபது மணி உழைத்தாலும் அதே.

மானேஜர் என்றதும் கண்ணாடி ரூம், சுழல் நாற்காலி, டீ கொண்டுவர ஒரு பையன் என்று கற்பனை போகிறதல்லவா? இவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது. பெட்டியைப் பிரித்து ஷெல்ஃபில் அடுக்குவது. கல்லாவில் நின்று பில் போடுவது. தரையைத் துடைப்பது. வாகனம் நிறுத்துமிடத்தைப் பெருக்குவது. பாத்ரூம் கழுவுவது. தங்கள் நேரத்தில் 80-லிருந்து 90 சதவிகிதம் இப்படித்தான் போயிற்று என்று அவர்கள் கோர்ட்டில் சொன்னார்கள். வாரத்துக்கு அறுபது, எழுபது மணி நேரம்.

சரி, மிச்சமுள்ள பத்து சதவிகிதத்திலாவது மகாராஜாவா? அதுவும் இல்லை. எந்தச் சாமான் எந்த ஷெல்ஃபில் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் படம் போட்டு அனுப்பிவிடும். எப்படிக் கடை திறப்பது, எப்படி மூடுவது, எல்லாவற்றுக்கும் தடித்தடியாகக் கையேடு. சம்பளம் உயர்த்த வேண்டுமா? டிஸ்ட்ரிக்ட் மானேஜரைக் கேள். யாரையாவது வேலையை விட்டு எடுக்க வேண்டுமா? அதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். அந்த டிஸ்ட்ரிக்ட் மானேஜர் கையில் பத்திலிருந்து முப்பது கடைகள் வரை இருக்கும்.

இதில் நிஜமான சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? சம்பள பட்ஜெட்டில். ‘இந்த வாரம் உங்கள் கடைச் சிப்பந்திகளுக்கு மொத்தம் இத்தனை மணி நேரச் சம்பளம்தான்’ என்று மேலிடம் அளந்து கொடுத்துவிடும். லாரி வந்து நிற்கிறது. கல்லாவில் க்யூ நிற்கிறது. கொடுத்த மணி நேரம் தீர்ந்துபோய்விட்டது. இன்னொரு சிப்பந்தியை ஒரு மணி நேரம் நிறுத்தினால் பட்ஜெட் எகிறும். யார் எவ்வளவு நேரம் நின்றாலும் காலணா கூடச் செலவில்லாத ஒரே ஜீவன் கடையில் யார்? மானேஜர்! ஆகவே மூட்டை மானேஜர் தலையில்.

யாரும் ‘இன்னும் இருபது மணி நேரம் வேலை செய்’ என்று உத்தரவு போடவில்லை. கணக்கை அப்படிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பட்டத்தின் மகிமை எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் முன்னாளில் கணக்கு எழுதிய ஒரு கம்பெனியில் (பெயர் எதற்கு?) சம்பள உயர்வு கேட்டுப் போனவனை உட்காரவைத்து, காபி கொடுத்து, ‘இன்று முதல் நீங்கள் சீனியர் எக்ஸிக்யூடிவ்’ என்று கை குலுக்கி அனுப்பினார்கள். வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அந்த மாதக் கணக்கில் அந்த ஸ்வீட் மட்டும்தான் கூடுதல்.

கொஞ்சம் கணக்கு, தூங்காதீர்கள்

பி.காம். படித்தவனிடம் கதை கேட்டால் நடுவில் ஒரு கணக்கு வந்தே தீரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது கேஸில் வந்த கணக்கல்ல, புரிவதற்காக நானே போட்ட உருண்டைக் கணக்கு.

வாரச் சம்பளம் 600 டாலர். உழைத்தது 60 மணி நேரம். அப்படியானால் 20 மணி ஓவர்டைம். எவ்வளவு பாக்கி?

‘600 டாலர் என்பது 40 மணிக்கான சம்பளம்’ என்பது தொழிலாளியின் வக்கீல் வாதம். மணிக்கு 15 டாலர். ஒண்ணரைப் பங்கு 22.50. இருபது மணிக்கு 450 டாலர்.

‘இல்லையில்லை, 600 என்பது உழைத்த 60 மணிக்கும் சேர்த்துத்தான்’ என்பார் கம்பெனி வக்கீல். மணிக்கு 10 டாலர். ஒரு பங்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. பாக்கி அரைப் பங்குதான், அதாவது 5 டாலர். இருபது மணிக்கு 100 டாலர்!

ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே உழைப்பு. 450-க்கும் 100-க்கும் நடுவே 350 டாலர் தொங்குகிறது. இரண்டாவது வழியில் இன்னொரு கூத்து. நீங்கள் எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் உழைக்கிறீர்களோ, அவ்வளவுக்கவ்வளவு மணிக்கூலி குறையும். 75 மணி உழைத்தால் மணிக்கு 8 டாலர்தான். மாடாய் உழைத்தால் மாட்டின் விலை குறைகிறது! அமெரிக்கக் கோர்ட்டுகளில் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே இன்றைக்கும் வக்கீல்கள் குடுமிப்பிடி சண்டை போடுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாடு

2001 ஜனவரியில் அலபாமா மாநிலத்து ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். ஃபேமிலி டாலர் ஸ்டோர் மானேஜர்கள் பெயரில்தான் அதிகாரிகள், வேலையில் தொழிலாளிகள், ஆகவே ஓவர்டைம் பாக்கியை எடுத்து வை என்று வழக்கு.

இந்த மாதிரிக் கேஸில் ஒரு விசேஷம் உண்டு. ஒருத்தர் தனக்காகவும் தன்னைப் போன்ற மற்றவர்களுக்காகவும் சேர்த்துப் போடலாம். ஆனால் மற்றவர்கள் ஒவ்வொருவரும் ‘நானும் இருக்கிறேன்’ என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் தர வேண்டும். சும்மா இருந்தால் சும்மாதான். கல்யாண வீட்டில் இலை போட்டாயிற்று, வந்து உட்கார்ந்தால்தான் சாப்பாடு.

கோர்ட் அனுமதி கொடுத்ததும் நாடு முழுக்க இப்போதைய, பழைய ஸ்டோர் மானேஜர்கள் சுமார் 12,000 பேருக்குத் தபால் போயிற்று. கையெழுத்துப் போட்டவர்கள் ஏறக்குறைய 2,500. வழியில் பலர் உதிர்ந்து, கடைசியில் தீர்ப்பு வரை நின்றவர்கள் 1,424.

மற்ற ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் என்ன நினைத்திருப்பார்கள்? ஊகிக்கக் கஷ்டமில்லை. ‘கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்’, ‘கோர்ட்டாவது, கிடைக்கிறதாவது’, ‘வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது?’. எல்லாம் நமக்குப் பழக்கமான பயங்கள்தானே! இத்தனைக்கும் சட்டம் இந்தப் பயங்களுக்கெல்லாம் பதில் எழுதி வைத்திருக்கிறது. கேஸ் போட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அது தனிக் குற்றம். தொழிலாளி ஜெயித்தால் அவருடைய வக்கீல் ஃபீஸைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். ‘எனக்கு ஓவர்டைம் வேண்டாம்’ என்று நீங்களே எழுதிக்கொடுத்திருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. 1945-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

தாமதத்துக்கு மட்டும் சட்டத்தில் இரக்கமில்லை. நீங்கள் கையெழுத்திட்டுக் கோர்ட்டில் கொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு வருஷப் பாக்கிதான் கேட்கலாம். கம்பெனி தெரிந்தே செய்தது என்று நிரூபித்தால் மூன்று வருஷம். ‘யோசித்துச் சொல்றேன்’ என்று நீங்கள் ஒரு வாரம் தள்ளினால், பழைய பாக்கியில் ஒரு வாரம் உதிர்ந்து போயிற்று. யோசனைக்கு மீட்டர் ஓடுகிறது!

அட்டை இல்லாத மணிக்கணக்கு

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். மானேஜருக்கு ஓவர்டைம் கிடையாது என்றால் அவர் வந்துபோன நேரத்தைக் கம்பெனி எதற்குக் குறித்து வைக்கப் போகிறது? ரெக்கார்டே இல்லாமல் எழுபது மணி உழைத்தேன் என்று எப்படி நிரூபிப்பது?

இதற்கு ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை உதவிக்கு வருகிறது. மிச்சிகனில் மவுன்ட் கிளெமன்ஸ் பாட்டரி என்ற கம்பெனி மேல் போட்ட கேஸில் 1946-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. நேரத்தைக் குறித்து வைப்பது முதலாளியின் கடமை. அவர் செய்யாமல் விட்டுவிட்டு, ‘நீ சரியாக நிரூபிக்கவில்லை’ என்று தொழிலாளியைப் பார்த்துக் கை காட்டக்கூடாது. தொழிலாளி நியாயமான ஒரு மதிப்பீடு கொடுத்தால் போதும். அப்புறம் அதைப் பொய் என்று காட்ட வேண்டியது முதலாளியின் பாடு. கணக்கு எழுதாதவனுக்குக் கணக்கில் சலுகை கிடையாது!

அதனால்தான் 1,424 பேரும் ஆளுக்கொரு நாள் கூண்டில் ஏறி அழ வேண்டியிருக்கவில்லை. சிலர் மட்டும் சாட்சி சொன்னார்கள். மற்றவர்களும் அதே கையேடு, அதே பட்ஜெட், அதே துடைப்பம் என்பதற்குக் கம்பெனியின் காகிதங்களே போதுமானதாக இருந்தன. எல்லாக் கடையையும் ஒரே அச்சில் வார்த்ததுதான் ஃபேமிலி டாலரின் பெருமை. கோர்ட்டில் அந்தப் பெருமையே எதிரணி சாட்சியாகிவிட்டது.

தீர்ப்பு

2005-ல் முதல் விசாரணை. ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. போச்சு, மறுபடி முதலிலிருந்து! 2006-ல் இரண்டாவது விசாரணை. நீதிபதி யு.டபிள்யூ. கிளெமன். அலபாமாவின் முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி அவர்.

இந்த முறை ஜூரி ஒரே குரலில் சொன்னது. இவர்கள் அதிகாரிகள் இல்லை. ஓவர்டைம் பாக்கி உண்டு. கம்பெனி தெரிந்தே செய்தது. ஆகவே மூன்று வருஷப் பாக்கி.

‘தெரிந்தே’ என்று ஜூரி ஏன் சொன்னது? ஸ்டோர் மானேஜர்கள் உண்மையிலேயே நிர்வாக வேலைதான் பார்க்கிறார்களா என்று கம்பெனி ஒருநாளும் ஆராய்ந்து பார்த்ததில்லை என்பது சாட்சியத்தில் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரேயடியாகப் பட்டம் கட்டினார்கள். ஒரு கடைக்குப் போய், ‘ஐயா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பார்க்கவில்லை.

நல்லெண்ணத்தோடு தவறு செய்தோம் என்று முதலாளி நிரூபிக்காவிட்டால் பாக்கியைப் போல இன்னொரு மடங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஓவர்டைம் பாக்கி ஒரு கோடியே 77 லட்சத்து 88 ஆயிரத்து 29 டாலர் 74 சென்ட். இரட்டித்தால் மூன்று கோடியே 55 லட்சத்து 76 ஆயிரத்து 59 டாலர் 48 சென்ட். அந்த 48 சென்ட்டைக் கவனியுங்கள். வருஷக்கணக்காக மணிக்கணக்குப் பார்க்காத கம்பெனிக்குக் கோர்ட் சென்ட் கணக்குப் பார்த்தது!

1,424-ஆல் வகுத்தால் சராசரி ஆளுக்கு 25,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வேலை பார்த்த வாரங்களைப் பொறுத்து ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் கம்மி. கோடீஸ்வரன் ஆகிற பணமில்லை. உழைத்த காசு, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

கம்பெனி அப்பீல் போனது. 2008 டிசம்பரில் அட்லாண்டாவில் இருக்கும் மேல்முறையீட்டுக் கோர்ட் தீர்ப்பை முழுசாக உறுதி செய்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், ‘நாங்கள் விசாரிப்பதாக இல்லை’ என்று கதவைச் சாத்தியது. 2001-ல் போட்ட கேஸ் 2009-ல் முடிந்தது.

அப்புறம் ஒரு திருப்பம்

சினிமா என்றால் இங்கே ‘வணக்கம்’ போட்டுவிடலாம். வாழ்க்கையில் இன்டர்வெல்லுக்கு அப்புறம் வேறு படம் ஓடுகிறது.

அதே ஃபேமிலி டாலர். அதே ஸ்டோர் மானேஜர் பதவி. இன்னொரு மானேஜர் வட கரோலினாவில் அதே வழக்கைப் போட்டார். 2011-ல் ரிச்மண்டில் இருக்கும் இன்னொரு மேல்முறையீட்டுக் கோர்ட், ‘நீங்கள் அதிகாரிதான், ஓவர்டைம் கிடையாது’ என்று சொல்லிவிட்டது! ஷெல்ஃபில் சாமான் அடுக்கும்போதும், கல்லாவில் நிற்கும்போதும், அந்தக் கடைக்கு அவர்தான் பொறுப்பு. டிஸ்ட்ரிக்ட் மானேஜர் தினமும் தலைமேல் வந்து நிற்கவில்லை. கை அடுக்கிக்கொண்டிருந்தாலும் மனசு நிர்வாகம் செய்துகொண்டுதான் இருந்தது என்று நீதிபதிகள் கருதினார்கள்.

ஒரே கம்பெனி, ஒரே பட்டம். அட்லாண்டாவில் தொழிலாளி, ரிச்மண்டில் அதிகாரி. ஏன்? அட்லாண்டா கோர்ட் முன்னால் இருந்தது ஒரு ஜூரி நேரில் சாட்சிகளைக் கேட்டு எடுத்த முடிவு. ரிச்மண்டில் ஜூரி வரை போகவே இல்லை. ஒரே ஒருத்தருடைய வாக்குமூலத்தை வைத்து நீதிபதிகளே முடிவு கட்டினார்கள். ‘கடையை நடத்துவது நான்தான்’ என்று பெருமையாகச் சொன்னால் அதிகாரி. ‘சொன்னதைச் செய்தேன்’ என்றால் தொழிலாளி. நம் வேலையைப் பற்றி நாமே அடிக்கும் ஜம்பம்கூடக் கோர்ட்டில் நமக்கே எதிராகத் திரும்பும் போலிருக்கிறது!

கம்பெனிக்காரர்களும் சும்மா பட்டம் மட்டும் கொடுப்பதில்லை. பட்டமில்லாத சிப்பந்திகளுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. அட்டையில் ‘அவுட்’ போட்டுவிட்டு வந்து மிச்ச வேலையை முடி என்பது அதில் ஒன்று. சம்பளம் தராமல் வேலை வாங்கினார்கள், இடைவேளை கொடுக்கவில்லை என்றெல்லாம் பல மாநிலங்களில் தன்மேல் இருந்த 63 வழக்குகளை வால்மார்ட் 2008 டிசம்பரில் ஒரே மூச்சில் சமரசம் செய்துகொண்டது. தருவதாக ஒப்புக்கொண்ட தொகை குறைந்தது 35 கோடி டாலர், அதிகபட்சம் 64 கோடி.

2025 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இன்னொரு முடிவும் சொன்னது. ஓவர்டைம் விலக்கு உண்டு என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு அசாதாரணமான ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை, மற்ற சிவில் வழக்குகளில் கேட்கிற அளவு போதும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். தராசு முதலாளி பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது.

பட்டம் யாருக்கு லாபம்?

ஆரம்பத்தில் சொன்ன ஆய்வறிக்கை ஒரு கணக்குப் போட்டது. இப்படிப் பெயரை மட்டும் மாற்றிக் கம்பெனிகள் மிச்சம் பிடிக்கும் ஓவர்டைம், வருஷத்துக்குச் சுமார் 400 கோடி டாலர். பேர் சூட்டு விழாவுக்கு இவ்வளவு வருமானம் வேறு எந்த ஊரில் உண்டு?

அக்கவுண்டன்ஸி வாத்தியார் முதல் நாளே சொல்லித் தந்த விஷயம் ஒன்று. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். காணாமல் போகிற தொகை என்று எதுவும் கிடையாது. மானேஜரின் வீட்டிலிருந்து வாரத்துக்கு இருபது மணி நேரம் காணாமல் போனால் அது எங்கேயோ வரவாகியிருக்கிறது. குழந்தையின் பிறந்த நாள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், டாக்டரிடம் போக வேண்டிய சாயங்காலம், எல்லாம் கம்பெனியின் லாபக் கணக்கில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

அந்த 1,424 பேர் கேட்டது பெரிசாக ஒன்றுமில்லை. ‘என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைப் படிக்காதீர்கள், என் கையைப் பாருங்கள்’ என்றார்கள். 2006-ல் அலபாமா ஜூரி பார்த்தது. கையில் துடைப்பம் இருந்தது.

ஆகவே நண்பர்களே, யாராவது உங்களுக்குப் புதுப் பட்டம் கட்டினால் மாலையை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சின்ன பாக்கெட் நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குப் போனோம், நடுவில் என்ன வேலை செய்தோம் என்று தினம் இரண்டு வரி எழுதி வையுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

விசிட்டிங் கார்டு கம்பெனி அச்சடித்துக் கொடுப்பது. அந்த நோட்டு ஒன்றுதான் நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்வது!